பங்குனியில் முகத்துவாரத்தின் ஆழம்

அன்பு மகனுக்கு,

நீ தயிர்க்காரரிடம் கொடுத்தனுப்பிய துண்டுக் கடிதம் நேற்றுக் கிடைத்தது. தை பதினெட்டு விடியற்காலையில் சுகந்தியையும் உங்கள் சின்னவளையும் ஏற்றிக்கொண்டு முகத்துவாரம் தாண்டப் போவதாக எழுதியிருக்கிறாய். என் பழைய கொப்பியைப் பார்த்துத்தான் நாள் குறித்தாயென்றும் எழுதியிருக்கிறாய். இன்று தை பதினொன்று. தயிர்க்காரர் நாளைக் காலை வெறுஞ்சட்டிகளோடு வாவிக்கு மேற்கே, உங்கள் படுவான்கரைக்குத் திரும்புகிறார். அதற்குள் இதை முடிக்க வேண்டும். இருபத்தொன்பது வருடம் அளவைக் கந்தோரில் படம் வரைந்தவனுக்கு, தலைப்புகளைப் போட்டுக்கொள்ளாமல் எதையும் எழுத வராது. ஆகவே முதலில் அவை.

1. நாம் நாலு பேரும் பாய்வள்ளத்தில் குடியிருந்த ஆறு கிழமைகளில் கற்றவை. உன் வள்ளத்துக்கும் அவை உதவும்.
2. தை மாதத்தில் முகத்துவாரம் ஏன் ஆகாது.
3. அந்த வருடம் பங்குனி முதற் கிழமையிலேயே முகத்துவாரம் மண்மூடியது. அதனால்தான் நாம் போகவில்லை.
4. அண்ணனைப் பற்றி.
5. நீ எந்த நாளில் போக வேண்டும்.

இதை நீ தனியே வாசிக்காதே. சுகந்திக்குக் கேட்கும்படி உரத்து வாசி. ஒரே வள்ளத்தில் இருப்பவர்களில் ஒருவருக்கு மட்டும் தெரிந்த செய்தி என்று ஒன்று இருக்கக் கூடாது. இதை நான் மிகவும் பிந்தித்தான் கற்றேன்.

வள்ளத்துக்குக் குடிபோனபோது உனக்குப் பத்து வயது, அண்ணனுக்குப் பத்தொன்பது. வளர்ந்த ஆண்பிள்ளை உள்ள வீடுகளில் படலைச் சத்தம் கேட்டாலே சோற்றுக்குள் வைத்த கை நின்றுவிடும் காலம் அது. யார் வந்து கூப்பிடுவார்கள் என்பது மட்டும் கிழமைக்குக் கிழமை மாறியது. அம்மாவின் பங்காக வந்த வட்டை வயலில் பாதியைக் கொடுத்து, செங்கல்லும் நெல்லும் ஏற்றி வாவியில் ஓடிய ஒரு பழைய வள்ளத்தை வாங்கினோம். முகத்துவாரம் தாண்டி, கரையோரமாக வடக்கே ஏறி, கதிரவெளி கடந்ததும் ஆழத்துக்கு விலகி, எட்டு நாளில் வேதாரணியம் கரை. இதுதான் திட்டம். நான் அதுவரை கடலில் ஒரு மைல் தூரமும் போனவனல்ல. தெரியாததால் எல்லாவற்றையும் எழுதினேன். வீட்டில் இருந்தபடியே ஆயத்தம் செய்வதென்றுதான் இருந்தோம். மாசி பிறந்ததும் பக்கத்து ஊரைச் சுற்றிவளைத்தார்கள். அன்று பின்னேரமே அம்மா பாயையும் பானைகளையும் வள்ளத்தில் ஏற்றிவிட்டாள். அவள் ஏறிய பிறகுதான் நான் ஏறினேன்.

வாவியோரக் கண்டல் பற்றைகளுக்குள் வள்ளத்தைச் செருகி வைத்து, இரண்டு நாளுக்கு ஒரு தடவை இடம் மாற்றினோம். அம்மா ஒரு மரப்பெட்டியில் மணல் நிரப்பி, அதன்மேல் அடுப்பு வைத்தாள். கழன்று உருளக்கூடிய எதையும் கயிறு போடாமல் விடமாட்டாள். பானை, சுளகு, விளக்கு, கடைசியில் நீ. உன் இடுப்பிலிருந்து ஒரு கயிறு அவளுடைய இடுப்புக்குப் போகும். அந்தக் கயிற்றுக்காக நீ அழுதாய். ஒருமுறை பல்லால் கடித்து அறுக்கவும் பார்த்தாய். சின்னவளுக்கு இப்போதே கயிறு கட்டிப் பழக்கு. கடலுக்குப் போய்க் கட்டினால் அவள் பயப்படுவாள். இப்போது கட்டினால் விளையாட்டாக இருக்கும். அடுப்பைக் காற்றுக்கு முதுகு காட்டி வை. குடிதண்ணீரை ஒரே பீப்பாவில் வைக்காதே, மூன்றாகப் பிரி. ஒன்று உப்புக் கலந்துவிட்டாலும் இரண்டு மிஞ்சும். நான் பெரிய பீப்பா ஒன்றே போதும் என்று பிடிவாதம் பிடித்தேன். அம்மா இரண்டு குடங்களை வள்ளத்தின் முன்பக்க அணியத்துப் பலகைக்கடியில் ஒளித்து வைத்தாள். அவற்றைக் கண்டுபிடித்த அன்று நான் அவளைக் கடிந்துகொண்டேன். பீப்பா ஒழுகத் தொடங்கியபோது அந்தக் குடங்களில்தான் நாம் தண்ணீர் குடித்தோம்.

அவள் ஒரு கோழியையும் ஏற்றினாள். நான் பட்டியலைத் திறந்து, கோழி அதில் இல்லையென்று காட்டினேன்.

"இஞ்சேருங்க, பட்டியல்ல நானும் இல்ல. இறங்கிப் போகவா?" என்றாள்.

அண்ணன் சிரித்த சிரிப்பில் வள்ளம் ஆடியது. அந்தக் கோழி பாய்க்கயிற்றுச் சுருளுக்குள் முட்டையிடும். நீதான் போய் எடுப்பாய்.

கலப்பத்து அடிக்க வந்த ஓடாவியாரையும் உனக்கு நினைவிருக்கும். பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்துக் குங்கிலியம் பூசிக்கொண்டே, நான் கொப்பியும் பேனையுமாக அவர் பின்னால் திரிவதைப் பார்ப்பார். "கந்தோர் ஐயா, இந்த வள்ளம் கடலுக்குப் போகவா, கொப்பிக்குள்ள போகவா?" என்று ஒருநாள் கேட்டார். அண்ணன் மேலே பாய்மரத்தில் இருந்தபடியே, "முதல்ல கொப்பி போகும் ஓடாவியார். அது கரை சேந்தா மறுகா நாங்க போவம்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர்கள் அந்தக் கொப்பியை முழுதாக நம்பினார்கள், மகன். கேலி செய்வார்கள்; அடுத்த நிமிடமே, "அப்பா, அரிசி எத்தின நாளைக்கு?" என்று அதைத்தான் கேட்பார்கள். அவர்கள் அறிந்தவரையில் நான் ஒரு எண்ணையும் பிழையாக எழுதியவனல்ல.

இனி இரண்டாவது. உன் துண்டுக் கடிதத்தில், தையில் வாய் அகலமாகத் திறந்திருக்கிறது, ஆழம் ஆறடிக்கு மேல் என்று எழுதியிருக்கிறாய். அது சரி. மார்கழி வெள்ளத்தில் வயல்கள் தாழாமல் இருக்க ஊரார் மண்திடலை வெட்டிவிடுகிறார்கள். வாவி முழுவதும் அந்த வாயால் கடலுக்குப் பாய்கிறது. ஆழம் இருக்கும். ஆனால் உள்ளிருந்து பாயும் வெள்ளமும் வெளியிலிருந்து வரும் வாடைக்காற்றின் அலையும் முட்டுவது அந்த வாயிலேதான். கந்தோரில் சேர்ந்த புதிதில், ஒரு தை மாதம், வெளிச்சவீட்டுப் பக்கம் அளவுக்கு நின்றிருந்தோம். மூன்று பேர் ஒரு பாய்வள்ளத்தில் வெளியே போக முயன்றார்கள். முதல் அலையில் வள்ளம் ஏறி இறங்கியது. இரண்டாவதிலும் ஏறி இறங்கியது. நாங்கள் அளவுச் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டுப் பார்த்தோம். மூன்றாவது அலை வள்ளத்தைக் குறுக்கே திருப்பியது. பிறகு அங்கே வள்ளம் இல்லை, பலகைகள்தான் இருந்தன. ஒருவர் மட்டும் கரையேறி, பாதித் துடுப்பைக் கையில் பிடித்தபடி எங்களைத் தாண்டி நடந்தார். "இண்டைக்கு என்ன கிழமை?" என்று கேட்டார். வியாழக்கிழமை என்றோம். தலையை ஆட்டிவிட்டுப் போனார். மற்ற இருவரில் ஒருவர் அவருடைய தம்பி என்று பின்னர் கேள்விப்பட்டோம்.

நான் இப்போது இருக்கும் இந்த அறையிலிருந்து கடல் கேட்கும். நாலு நாளாக அது இடைவிடாமல் ஒரே சத்தமாக இருக்கிறது; அலைக்கும் அலைக்கும் நடுவே மூச்சுவிடும் இடமே கேட்கவில்லை. உன்னுடைய வள்ளம் எங்களுடையதைவிட நாலடி கட்டை. ஏறியிருப்பவர்களில் ஒருத்திக்கு மூன்று வயது.

நீ என்ன பதில் சொல்வாய் என்று எனக்குத் தெரியும். தையில் போகாவிட்டால் எப்போது போவது? பங்குனியில் கடல் படுக்கும், காற்றும் தெற்கிலிருந்து எழும்பும். ஆனால் அதற்குள் வாய் மூடிவிடும் என்று அப்பாவின் கொப்பி சொல்கிறதே என்பாய். இரண்டு தடவை உன்னை விசாரிக்க வந்துவிட்டார்கள். இன்னொரு மாரிவரை கண்டலுக்குள் ஒளிந்திருக்க உன்னால் முடியாது. உன் கணக்கில் பிழையில்லை. கொப்பியை வைத்துப் பார்த்தால் யாரும் தையைத்தான் எடுப்பார்கள்.

ஆகவே மூன்றாவதற்கு வருகிறேன். அந்த வருடம் நாமும் பங்குனிக்குத்தான் காத்திருந்தோம். ஆழம் பார்ப்பது என் வேலை. அடியும் அங்குலமும் வெட்டிய ஒரு கம்பை எடுத்துக்கொண்டு, வீச்சுவலை போடப் போகிறவன்போலச் சின்னத் தோணியில் மூன்று நாளுக்கொருதடவை விடியற்காலையில் போவேன். சுமை ஏற்றிய வள்ளத்துக்கு மூன்றடி நாலு அங்குலம் தண்ணீர் வேண்டும்; மேலதிகமாக ஓரடி. நாலடி நாலு அங்குலத்துக்குக் குறைந்தால் போவதில்லை என்று முதற்பக்கத்திலேயே எழுதி, எல்லாருக்கும் வாசித்துக் காட்டியிருந்தேன். கொப்பியில் உள்ள கடைசி ஐந்து அளவுகளும் உனக்குத் தெரியும். ஐந்தடி ஒன்று. நாலடி பதினொன்று. நாலடி ஏழு. நாலடி ஐந்து. இரண்டடி எட்டு.

கடைசி அளவுக்கு முந்தின நாள் அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிமிர்ந்தாள். "இஞ்சேருங்க, புகை கிறுகிற்று" என்றாள். அதுவரை தெற்கே சாய்ந்த அடுப்புப் புகை வடக்கே சாய்ந்திருந்தது. தென்காற்று வந்துவிட்டது. புகை திரும்பினால் அடுத்த நாள் போவது என்றுதான் பேச்சு. அண்ணன் பாயை அவிழ்த்துத் திரும்பவும் சுற்றி, கயிறுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். அம்மா உன் தலைக்கு எண்ணெய் வைத்தாள். வாவியில் ஒரு காவல் படகின் சத்தம் வந்து, நெருங்கி, நின்று, பிறகு போனது. நின்றிருந்த அந்த நேரத்தில் கோழி ஒருமுறை கொக்கரித்தது. அம்மா அதன் கழுத்தில் கைவைத்தாள், நெரிக்கவில்லை, வைத்திருந்தாள்.

விடியற்காலையில் நான் கம்போடு போனேன். திரும்பி வந்து கொப்பியில் இரண்டடி எட்டு அங்குலம் என்று எழுதி, அண்ணனிடம் நீட்டினேன்.

"மூணு நாளில ரெண்டடியா அப்பா?"

"மண் அப்படித்தான். காத்து மாறினா ஒரேயடியா இறங்கும்."

"நான் ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாறன்."

"ஏன், என்ட அளவில நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டேன். அந்தக் குரலில் நான் அவனோடு அதற்கு முன் பேசியதில்லை. "இல்லப்பா, சும்மா கேட்டன்" என்று சொல்லிக் கொப்பியை மூடித் தந்தான்.

அம்மா பானைகளின் கயிறுகளை அவிழ்க்கத் தொடங்கினாள். உன் ஈரச் சட்டையைக் காயப்போட என் கம்பை எடுத்தவள், "கம்பு இவ்வளவு சுறுக்காக் காஞ்சிட்டா?" என்றாள். வெயில் என்றேன். அவள் கம்பை ஒருமுறை விரலால் தடவிவிட்டுச் சட்டையை விரித்துப் போட்டாள்.

நாலாவதை நீளமாக எழுத என்னால் முடியாது. ஆறு நாள் கழித்துக் கரையேறி வீட்டுக்குப் போனோம். பத்தாம் நாள் அரிசி முடிந்துவிட்டது. எட்டு நாள் கடலுக்கென்று வைத்திருந்ததை வாவியிலும் வீட்டிலும் இருந்து தின்று முடித்திருந்தோம். அண்ணன் சைக்கிளில் நெல்மூட்டையைக் கட்டிக்கொண்டு மில்லுக்குப் போனான். "கிறுகி வரேக்க உனக்குத் தோடம்பழ இனிப்பு வாங்கிற்று வாறன் மனே" என்று அம்மாவைப்போலக் குரலை மாற்றி உன்னிடம் சொன்னான். அன்று மில்லடியைச் சுற்றிவளைத்தார்கள். மாலையில் யாரோ சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து படலையில் சாத்திவிட்டுப் போனார்கள். மூட்டை கட்டியபடியே இருந்தது. அம்மா அவனுடைய படத்தைக் கடதாசி உறையில் போட்டுக்கொண்டு எத்தனை முகாம் வாசல்களில் நின்றாள் என்பதை நீ பார்த்தாய். பல நாட்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நீயும் நின்றாய். நான் வீட்டில் இருந்து விண்ணப்பங்களை எழுதினேன். நல்ல விண்ணப்பங்கள் என்று எல்லாரும் சொன்னார்கள்.

மூன்றாம் வருடம் அவள் படுக்கையில் விழுந்தபோது, ஒருநாள் என்னை அருகே கூப்பிட்டு, "அந்தக் கொப்பிய எரிச்சிருங்க. பிள்ளையிட கையில குடுக்காதீங்க" என்றாள். பழையதைக் கிளற விரும்பாமல் சொல்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கந்தோரில் அளவுப் புத்தகத்தை எரிப்பதில்லை என்ற பழக்கத்தில் பெட்டிக்குள் வைத்தேன். போன வருடம் நீ அதை எடுத்து விரித்து, "அப்பா, இது எனக்கு உதவும்" என்று சொன்னபோது நான் அதே அறையில்தான் இருந்தேன். வாயைத் திறந்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். நீ கொப்பியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாய்.

ஐந்தாவதற்கு நான் முதலில் நினைத்திருந்தது வேறு. தையில் அலை பெரிது, பிள்ளை சிறிது, வேறு வழி பார் என்று மட்டும் எழுதலாம் என்றிருந்தேன். எழுதியும் பார்த்தேன், அந்தத் தாள் கிழிந்து காலடியில் கிடக்கிறது. அதை வாசித்தால் நீ பதினெட்டாம் தேதி போகத்தான் செய்வாய். கிழவன் பயப்படுகிறான் என்று சுகந்தியிடம் சொல்வாய். நான் எப்போதும் பயந்தவன் என்பதால், உண்மையாகப் பயப்பட வேண்டிய இடத்தில் என் பயத்துக்கு மதிப்பில்லை.

கந்தோரில் எங்களுக்குப் படிப்பித்த முதல் ஒழுங்கு இது. அளவுப் புத்தகத்தில் பிழையான எண்ணை அழிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. அதன்மேல் ஒரே ஒரு கோடு. பக்கத்தில் சரியான எண். அதற்குக் கீழே எழுதியவரின் கையெழுத்து. பிழை என்னவென்று எவரும் பிறகும் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதனால்தான் மேலே போட்ட தலைப்புகளில் எதையும் நான் வெட்டவில்லை.

மூன்றாவது தலைப்பு பிழை, மகன். முகத்துவாரம் மூடவில்லை.

முதலில் அது பொய்யாகத் தொடங்கவில்லை. ஐந்தடி நாலு இருந்தது. அலையின் ஏற்றயிறக்கத்துக்கென்று மூன்று அங்குலம் கழித்து எழுதினேன். பாதுகாப்புக்கென்று. அடுத்த தடவை கம்பு சரிந்திருக்கலாம் என்று நாலு அங்குலம் கழித்தேன். பிறகு ஆறு, பிறகு ஏழு. ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருந்தது. ஒவ்வொரு காரணமும் நியாயமாக இருந்தது. கடைசி நாள் கம்பை இறக்கி எடுத்தேன். ஈரம் நாலடி பத்து அங்குலத்தில் நின்றது. வாய்க்கு வெளியே கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. ஒரு காவல் படகும் இல்லை. தென்காற்று முதுகில் பட்டது. கழிக்க ஒரு காரணமும் இல்லை. கடலைப் பார்க்காமல், கம்பை மடியில் கிடத்தித் தோணியில் இருந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு என் சாரத்தின் நுனியால் கம்பை மேலிருந்து கீழே துடைத்தேன். விடியற்காலையில் கம்பைக் காயவைக்க என்ன வெயில் இருக்கிறது? அம்மா அன்றே அறிந்திருப்பாள். அவனுடைய படத்தோடு வாசல் வாசலாகப் போய்வந்து, எனக்குச் சோறும் போட்டாள்.

இதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்பதற்கு இது நேரமல்ல. நீ என்னை என்ன செய்ய நினைத்தாலும் அதை அக்கரை சேர்ந்த பிறகு நினை. இப்போது கொப்பியை எடு. கடைசியாக எழுதிய பக்கத்தைத் திற. சுகந்தி பார்த்திருக்க, ஐந்து எண்களின் மேலும் ஒவ்வொரு கோடு போடு. பக்கத்தில் வரிசையாக எழுது: ஐந்தடி நாலு. ஐந்தடி மூன்று. ஐந்தடி ஒன்று. ஐந்தடி. நாலடி பத்து. கையெழுத்து வைக்க வேண்டியவன் நான். இந்தக் கடிதத்தின் கீழ்ப்பகுதியை வெட்டி அங்கே ஒட்டிக்கொள்.

தையில் போகாதே. பங்குனியில் அடுப்புப் புகை வடக்கே கிறுகும்வரை இரு. அன்று நீயே கம்போடு போ. தனியே போகாதே, சுகந்தியையும் ஏற்றிக்கொண்டு போ. ஈரம் காய்வதற்கு முன் இரண்டு பேரும் பாருங்கள். தண்ணீர் போதுமென்றால் அன்றே போய்விடுங்கள். என்னிடம் சொல்லிக்கொண்டு போக வராதீர்கள்.

அப்பா

(கையெழுத்து)
நாலடி பத்து அங்குலம். நானே அளந்தேன்.